கப்பலில் ஓர் அறை

பினாங்கிலிருந்து அக்கா அந்தக் கடிதத்தை எழுதியபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. தென்காசியில் கோர்ட்டுக்கு எதிர்த்தாற்போல் ஒரு கட்டடத்தின் முன்னறையில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு மனுக்களும் வாடகைப் பத்திரங்களும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. வீட்டுக்குள் தரையில் கையூன்றி நகர்ந்துவிடுவேன். தெருவுக்கு வந்தால் மூன்று சக்கர வண்டி. உட்கார்ந்தபடி கையால் சுழற்றினால் சங்கிலி ஓடி முன்சக்கரத்தை இழுக்கும். அதில் ஊர் முழுக்கப் போய்வருவேன். ஊரைத் தாண்டி நானாக எங்கும் போனது கிடையாது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்பு முடிகிற வரை என்னை இடுப்பில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவள் அவள்தான். பினாங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த அத்தானைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் கப்பலேறியபோது எனக்குப் பதினான்கு வயது. அப்பா இறந்ததற்கும் வரவில்லை, அம்மா இறந்ததற்கும் வரவில்லை. அங்கே பிள்ளைப்பேறு, கடை, மாமியாரின் நோய் என்று ஏதாவது ஒன்று. கடிதம் மட்டும் தவறாமல் வரும். பதினெட்டு வருஷக் கடிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன்.

இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்தது. “மூட்டு தேய்ந்துபோச்சு என்று டாக்டர் சொல்லுதார். பிள்ளைகள் பெரிசாகி அதுகள் பாட்டுக்கு இருக்கு. இங்கன எல்லாம் இருக்கு, பேச ஆள் இல்லை. நீ ஒரு தடவை வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போ. டிக்கெட்டுக்கு அத்தான் ஏற்பாடு செய்வார். கப்பலில் உனக்கும் உன் வண்டிக்கும் எந்த அறை தோதுப்படும் என்று நீயே விசாரித்து எழுது. எனக்கு அதெல்லாம் தெரியாது.”

நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்கு மரக்கடையில் வேலை. மதினி நல்லவர். என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாமல் இருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என் சம்பாத்தியத்தை அவரிடம் கொடுத்துவிடுவேன். நேரத்துக்குச் சாப்பாடு வரும். பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடும். யாரும் என்னிடம் எதையும் கேட்டு முடிவு செய்ததில்லை. அண்ணன் எந்தச் சட்டைத் துணி எடுத்து வந்தாலும் அதைத்தான் போட்டுக்கொள்வேன். அந்த வீட்டில் இருந்துகொண்டு, ‘நீயே விசாரித்து எழுது’ என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

சென்னையில் இருந்த கப்பல் ஏஜெண்ட் ஆபீஸுக்கு ஆங்கிலத்தில் டைப் அடித்து ஒரு கடிதம் போட்டேன். பதிலோடு கப்பலின் உள்படம் அச்சடித்த தாள் ஒன்று வந்தது. மடித்து மடித்து, விரித்தால் என் மேஜையை மூடிவிடும். ஒவ்வொரு தளமும் ஒரு நீண்ட படம். கீழ்த்தளத்தில் பெரிய கூடம், அதில் வரிசையாக அடுக்குக் கட்டில்கள். மேல்தளங்களில் சின்னச் சின்னக் கட்டங்களாக அறைகள். ஒவ்வொன்றுக்கும் எண். அளவு ஒன்றும் போடவில்லை.

அளவு கேட்டு மறுபடி எழுதினேன். எந்த அறையின் கதவு எத்தனை அங்குலம், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம், கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, குளியலறை எவ்வளவு தூரம். வந்த பதிலில் இரண்டே வரி. பயணிகளின் சைக்கிள் முதலான வாகனங்கள் சாமான் கிடங்கில் வைக்கப்பட்டு, இறங்கும் துறைமுகத்தில் திருப்பித் தரப்படும்.

அது சைக்கிள் இல்லை, என் கால் என்று எழுதினேன். அதற்குப் பதில் வர ஒரு மாதம் ஆனது. வேறு யாரோ ஒருவர் எழுதியிருந்தார். அறைக்குள் அடங்குமானால் வைத்துக்கொள்ளலாம், நடைபாதையில் நிறுத்தக் கூடாது. கதவின் அளவை மட்டும் அவர் சொல்லவே இல்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

இந்தச் சமயத்தில்தான் பாய் வந்தார். கப்பல் சமையலறையில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கம்பெனிக்கு ஒரு மனு அடிக்க வந்தார். மேஜையில் விரிந்திருந்த படத்தைப் பார்த்ததும் மனுவை மறந்துவிட்டு, பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாளை முகத்துக்கு வெகு கிட்டே பிடித்துப் பார்த்தார்.

“இது நான் வேலை பாத்த கப்பல் இல்ல தம்பி. ஆனா எல்லாக் கப்பலும் ஒரு வயித்துப் பிள்ளையதான். யாரு போறா?”

“நான்தான் பாய்.”

அவர் என்னையும், வெளியே நின்ற வண்டியையும் ஒரு தடவை பார்த்தார். போகாதே என்று சொல்வார் என நினைத்தேன்.

“அப்ப முன்பக்கம் எடுக்காதீய. அலைக்குத் தூக்கித் தூக்கிப் போடும். பின்பக்கம் எஞ்சின் சூடு. நட்ட நடுவுல எடுக்கணும். கட்டிலு ரெண்டு அடுக்கு இருக்கும், கீழ்க் கட்டிலு வேணும்னு எழுதி வாங்கிக்கிடுங்க. பெறவு வாசப்படி.”

“கப்பல்ல வாசப்படியா?”

“இரும்புப் படி. தண்ணி உள்ள வந்துரக் கூடாதுல்லா. வெளித்தட்டுக்குப் போற வாசல்ல முழங்கால் உசரம் இருக்கும். அதை நீங்க தாண்ட முடியாது, விட்டுருங்க. அறை வாசல்ல நாலு விரக்கடைதான். அதுக்கு ஒரு சரிவுக்கட்டை இருந்தாப் போதும்.”

“கதவு அகலம்?”

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கொஞ்சம் யோசித்து, கைகளைச் சுருக்கினார். “நான் குசினிக்காரன் தம்பி. அண்டாவைச் சரிச்சு உள்ள கொண்டுபோவோம். அந்த அளவுதான் எனக்குத் தெரியும்.”

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாய் வர ஆரம்பித்தார். ஒவ்வொரு அறையாகப் பார்த்துக் கழித்துக்கொண்டே வந்தோம். ஓரத்து அறைகளில் கை கழுவும் தொட்டி நீட்டிக்கொண்டிருந்ததால் வண்டியைத் திருப்ப முடியாது. அவற்றையெல்லாம் அடித்தோம். படிக்கட்டுக்குப் பக்கத்து அறைகளில் ஆள் நடமாட்டம் அதிகம். அவற்றையும் அடித்தோம். கடைசியில், இரண்டு நடைபாதைகள் சேரும் மூலையில், கப்பலின் நட்ட நடுவில் ஓர் உள்ளறை மிஞ்சியது. மற்றவற்றைவிடக் கையளவு பெரியது. குளியலறை நேர் எதிரே. கதவு வெளிப்பக்கம் திறப்பதாகப் படத்தில் ஒரு வளைகோடு இருந்தது. அந்த எண்ணைச் சுற்றி சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

வீட்டில் என் அறைத் தரையில் சாக்பீஸால் அந்த அறையை வரைந்தேன். அளவெல்லாம் பாய் சொன்ன உத்தேசம்தான். அதற்குள் வண்டியைக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தேன். பின்சக்கரம் கோட்டைத் தாண்டியது. எப்படித் திருப்பினாலும் தாண்டியது. மறுநாள் சைக்கிள் கடைக்குப் போய், பின் அச்சை வெட்டிக் குறுக்கித் தரச் சொன்னேன்.

கடைக்காரருக்கு மனசே இல்லை. “அகலம் கொறைஞ்சா ஆட்டம் குடுக்கும். திருப்பத்துல சாய்ச்சுப்புடும். எதுக்குன்னு சொல்லுங்க?”

“ஒரு வாசல்ல நுழையணும்.”

“எந்த வாசல்?”

“கப்பல் வாசல்.”

அவர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் அளந்து, நான்கு விரற்கடை வெட்டி, பற்றவைத்துக் கொடுத்தார். அவர் சொன்னபடியே வண்டி அதற்குப் பிறகு திருப்பங்களில் ஆடியது. ஒரு தடவை சந்தைப் பக்கம் குடைசாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை. அண்ணன் முழங்கையைப் பார்த்தான். இரண்டு நாள் கழித்து மரக்கடையிலிருந்து தேக்கில் செதுக்கிய இரண்டு சரிவுக்கட்டைகளைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் வைத்தான்.

“நாலு விரக்கடைன்னு சொல்லிட்டிருந்தேல்லா. அஞ்சா வச்சிருக்கேன்,” என்றான். அவ்வளவுதான் பேச்சு.

ஆறு நாள் பயணம். ஆறு நாளும் தனியாக இருக்க முடியுமா என்பது எனக்கே தெரியவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட நான் தனியாக இருந்ததில்லை. தண்ணீர் மோந்து தர, விழுந்தால் தூக்கிவிட, எப்போதும் கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் உண்டு. கப்பலில் போய்த் தெரிந்துகொள்வதைவிட இங்கேயே தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. பங்குனி மாதம் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன்.

தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகப் போனால் தூரம் அதிகமில்லை. ஆனால் போகப்போக ஏற்றம். காலையில் கிளம்பி, நின்று நின்று, பத்து மணிக்கு லாட்ஜ் வாசலில் போய் நின்றபோது தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல் இருந்தது. சீசன் இல்லாத காலம். கடைகளில் பாதி சாத்திக் கிடந்தன. பேரருவி பாறையோடு ஒட்டி, ஈரத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கியது.

லாட்ஜ் மேனேஜர் வயதானவர். “சீசனுக்கு வந்திருக்கலாமே, இப்ப தண்ணியே இல்லையே,” என்றார்.

“தண்ணிக்கு வரலே அண்ணாச்சி. இருக்கதுலயே சின்ன ரூமாக் குடுங்க.”

“பெரிய ரூமே சும்மா கெடக்கு. அதே வாடகைக்கு எடுத்துக்கிடுங்க.”

“வேண்டாம். சின்னதுதான் வேணும்.”

அவர் ஐந்து அறைகளைத் திறந்து காட்டினார். நான் ஒவ்வொரு வாசலிலும் டேப்பை வைத்து அளந்தேன். முதலில் விநோதமாகப் பார்த்தவர், மூன்றாவது அறையில் டேப்பின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டார். மாடிப்படிக்குக் கீழே, மெத்தைகள் அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருந்தது. அது என் சாக்பீஸ் கட்டத்துக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. மெத்தைகளை எடுத்துவிட்டு ஒரு கட்டிலை மட்டும் போடச் சொன்னேன். நடையின் எதிர்ப்பக்கம் குளியலறை. அதன் வாசலில் ஒரு படி. அண்ணன் செய்த கட்டைகள் அதற்குப் பயன்பட்டன.

எனக்கு நானே சில சட்டம் போட்டுக்கொண்டேன். சாப்பாடு ஓட்டல்காரர் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். கப்பலிலும் அப்படித்தான் வைப்பார்கள் என்று பாய் சொல்லியிருந்தார். மற்றபடி யாரையும் கூப்பிடக் கூடாது. நடையைத் தாண்டி வெளியே போகக் கூடாது.

முதல் இரண்டு நாள் ஒரு பெருமையில் போயின. கட்டிலிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து தரைக்கும் இறங்குவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். துணி துவைத்து வண்டியின் கைப்பிடியிலேயே காயப்போட்டேன். மூன்றாம் நாள் குளியலறையில் ஊன்றிய கை வழுக்கி விழுந்தேன். தலை சுவரில் மோதியது. பக்கெட் உருண்டு எட்டாத மூலைக்குப் போய்விட்டது. கூப்பிட்டால் மேனேஜர் வந்திருப்பார். நாற்பது அடி தூரத்தில் அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. வாய் திறக்கவில்லை. ஈரத்தரையில் அப்படியே கிடந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு சோப்பைத் துடைத்துவிட்டு, குழாயைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து, வாசல் கட்டையைப் பிடித்து வண்டிக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு ரேடியோ நிகழ்ச்சிகள் முடிந்திருந்தன.

அன்றைக்கே தெரிந்துவிட்டது, என்னால் முடியும். மிச்ச நாட்களில் தெரிந்தது வேறு ஒன்று. நான் யாரோ வருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அண்ணனிடம் லாட்ஜின் பேரைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு அரை மணிக்கொரு பஸ். நடையில் செருப்புச் சத்தம் கேட்டால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். ஓட்டல்காரர் தட்டை வைக்கும் சத்தமாக இருக்கும், இல்லையென்றால் மேனேஜர். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவர் வாசலில் நின்று, “வீட்ல ஏதும் சண்டையா தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்ல அண்ணாச்சி. பழகிக்கிடுதேன்.”

“எதுக்கு?”

கப்பல், அக்கா, அறை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். போகும்போது, “பழகாம இருந்தா நல்லது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு நாள் முடிந்து வீட்டுக்குத் திரும்பினேன். இறக்கம் என்பதால் சீக்கிரம் வந்துவிட்டேன். என் அறையில் பிள்ளைகளின் படிப்பு மேஜை போடப்பட்டிருந்தது. பரீட்சை நேரம். என் கட்டிலைச் சுவரோடு தள்ளியிருந்தார்கள். தரையில் சாக்பீஸ் கோடு இல்லை, சுத்தமாகக் கழுவியிருந்தது.

“நீங்க நாளைக்கில்லா வாரீயன்னு நெனச்சேன் தம்பி,” என்றார் மதினி. “மேஜையை எடுத்துரச் சொல்லுதேன்.”

“கெடக்கட்டும் மதினி. படிக்கட்டும்.”

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறு நாள் நான் இல்லாததில் அந்த வீடு எதையும் இழக்கவில்லை. ஓர் அறை கூடுதலாகக் கிடைத்திருந்தது. அது யாருடைய தப்பும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து பினாங்கு போக வேண்டும் என்பது ஆசையாக இல்லாமல் வேறொன்றாக மாறிவிட்டது.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நல்லபடியாகவே எழுதிக்கொண்டு போனார். பாஸ்போர்ட் வந்தது. சிவப்பு வட்டம் போட்ட அறை எண்ணைக் குறிப்பிட்டு ஏஜெண்டுக்கு எழுதினேன். அறை காலியாகத்தான் இருந்தது. ஆனால் துணையில்லாமல் நடக்க இயலாத பயணிக்கு அதே அறையில் ஒரு துணை ஆள் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்று பதில் வந்தது. குற்றாலத்தில் ஆறு நாள் தனியாக இருந்ததை எழுதினேன். லாட்ஜ் மேனேஜரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கூட வைத்து அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அதே பதில்தான் திரும்ப வந்தது.

துணைக்கு வர முடியுமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

“ரெண்டு மாசம் லீவு கேட்டா வேற ஆளைப் போட்டுருவாங்கலே. பிள்ளையளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

அவன் சொன்னதில் பொய் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பாயிடம் கேட்டேன். அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்தத் தாளை எடுத்துக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பிறகு மடித்து மேஜையில் வைத்தார்.

“கண்ணு மங்கிட்டு தம்பி. இந்தப் படத்துல எழுதியிருக்க எண்ணு ஒண்ணும் எனக்குத் தெரியல. நீங்க வாசிச்சதை வச்சுத்தான் இத்தனை நாளும் பேசிட்டிருந்தேன். இப்ப எனக்கே ஒரு துணை ஆளு வேணும்.”

வர முடியவில்லை என்று அக்காவுக்கு எழுதினேன். காரணத்தைச் சுருக்கமாக எழுதினேன். எழுதி முடித்து, தபாலில் போட்டுவிட்டு வந்து, வழக்கம்போல ஒரு வாடகைப் பத்திரம் அடித்தேன். அதில் நிறைய பிழை.

மூன்று மாதம் அக்காவிடமிருந்து கடிதம் இல்லை. பிறகு வந்தது. அவளே வருகிறாளாம். அத்தான் கடையை விட்டு வர முடியாது, அவள் மட்டும். “எந்த அறை எடுக்கட்டும்? நீதான் எல்லாம் படிச்சு வச்சிருக்கியே. மூட்டு வலிக்காரிக்கு ஏத்ததாச் சொல்லு.”

அதே அறை எண்ணை எழுதி அனுப்பினேன். நடுவில் இருக்கிறது, ஆட்டம் தெரியாது, குளியலறை எதிரே, கீழ்க் கட்டிலைக் கேள், கதவு வெளியே திறக்கும், வாசல்படி நாலு விரற்கடை, பார்த்துக் காலை வை என்று இரண்டு பக்கம் எழுதினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அக்கா மறு வருஷம் ஆனி கடைசியில் வந்தாள். அண்ணன் சென்னைக்குப் போய்க் கூட்டிவந்தான். ரயிலடியில் வண்டியில் உட்கார்ந்து காத்திருந்தேன். நரைத்த தலையோடு, தடித்த உடம்போடு, ஒரு கையைச் சுவரில் ஊன்றியபடி ஒரு அம்மாள் நடந்துவந்தார். பக்கத்தில் வந்து என் தலையில் கை வைத்த பிறகுதான் அது அக்கா என்று எனக்கு உறைத்தது.

“என்னலே இப்படி மெலிஞ்சிருக்க,” என்றாள். குரல் மட்டும் மாறவில்லை.

வந்த மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, என் அறைக்கு வந்து தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து வெள்ளை நூல் ஒன்றை எடுத்தாள். இரண்டு முனையிலும் முடிச்சு.

“நீ சொன்ன அறைக் கதவு. நூல் வச்சு அளந்தேன். கப்பல் சிப்பந்தி ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான். உன் வண்டி நுழையுமான்னு பாரு.”

“அறை எப்படி அக்கா இருந்துச்சு?”

“ரொம்ப வசதி. நீ சொன்ன மாதிரியே. ஆட்டமே தெரியல.”

வண்டி வாசலில் நின்றது. நூலை வாங்கிக்கொண்டு நகர்ந்து போனேன். ஒரு முடிச்சை இடது சக்கரத்தின் வெளி ஓரத்தில் வைத்து, மறு முடிச்சை வலது பக்கம் இழுத்தேன். நூல் ஒரு விரல் அகலத்துக்கு மிஞ்சியது. மறுபடி வைத்துப் பார்த்தேன். மிஞ்சத்தான் செய்தது. சைக்கிள் கடைக்காரர் வெட்டியது சரியான அளவு.

அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து நின்றிருந்தாள். “நுழையுமா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். நுழையும் என்று நான் சொல்லிவிடுவேனோ என்று பயந்த முகம் அது. அவளோ அத்தானோ ஒரு தடவை வந்து துணைக்கு நின்றிருந்தால் நான் போயிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

“நுழையாது அக்கா. ரெண்டு விரக்கடை பத்தல.”

அவள் மூச்சு விட்டாள். “அப்ப நீ கெளம்பாததும் நல்லதாப் போச்சு.”

“ஆமா,” என்றேன்.

நாற்பது நாள் இருந்தாள். முதல் வாரம் என்னோடு நிறையப் பேசினாள். அம்மா கடைசியில் எப்படி இருந்தாள், என்ன கேட்டாள் என்றெல்லாம் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். வீரகேரளம்புதூரிலிருந்து சித்தி வந்து கூட்டிப்போனாள். ராயகிரியில் ஒரு கல்யாணம். ஒரு நாள் எல்லோரும் காரில் குற்றாலம் போனார்கள். நல்ல சாரல். நான் வண்டியில் பின்னாலேயே வருகிறேன் என்று கிளம்பினேன். மேலகரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஈரச் சாலையில் வண்டி ஆட ஆரம்பித்தது. ஒரு சோடாக் கடைத் தட்டியில் ஒதுங்கி நின்றேன். மழை விடுகிறபோது அவர்கள் குளித்து முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கார் என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு துண்டைக் கொடுத்தாள். ஈரத் துண்டுதான். அதை வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவள் திரும்பிப் போகும்போது நான் ரயிலடிக்குப் போனேன். “அடுத்த தடவை ரெண்டு பேரும் சேந்து போவோம், என்ன,” என்றாள். சரி என்றேன்.

பினாங்கு போய்ச் சேர்ந்ததும் எழுதினாள். கடிதத்தின் நடுவில் இப்படி இருந்தது. “நீ கோவிச்சுக்காதே. திரும்பி வாறப்ப வேற அறை எடுத்தேன். ஜன்னல் உள்ள அறை. நீ சொன்ன அறையில் ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினா குழிக்குள்ள கெடக்க மாதிரி இருந்துச்சு. ஆறு நாளும் எனக்கு மூச்சு முட்டுச்சு. உன் முகத்தைப் பாத்து அதைச் சொல்ல மனசு வரலை.”

டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். வெட்கமாக இருந்தது. அத்தனை மாதம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் திரும்புமா, கதவு எப்படித் திறக்கும் என்பதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மூட்டு வலிக்காரிக்கு ஏற்றதைச் சொல் என்று அவள் கேட்டாள். நான் அவளுக்கு என் அறையைக் கொடுத்திருக்கிறேன். என் வண்டி இல்லாமல், அதற்காக விட்ட வெற்றிடத்தோடு, அவள் ஆறு நாள் அங்கே கிடந்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நூல் விஷயத்தை எழுதவில்லை. ஜன்னல் வழியாக என்ன தெரிந்தது என்று கேட்டேன். “தண்ணிதான். வேற என்ன தெரியும்,” என்று அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தாள்.

நான் கப்பலில் போகவே இல்லை. சில வருஷங்களில் அந்தக் கப்பல் வருவதும் நின்றுபோனது. அக்காவும் பிறகு வரவில்லை.

ஆனால் அடுத்த தை மாதம் நான் அண்ணன் வீட்டை விட்டு வந்தேன். கோர்ட்டுக்குப் பின்தெருவில் ஓர் ஒற்றை அறை வீடு வாடகைக்கு இருந்தது. தெருவோடு தெருவாகத் தரை மட்டம், வாசலில் படி இல்லை. வீட்டுக்கார அம்மாள் என்னையும் வண்டியையும் பார்த்து, “கூட யாரு இருக்கா?” என்று கேட்டார்.

“யாரும் இல்ல ஆச்சி. நான் மட்டும்தான்.”

“சமாளிச்சுக்கிடுவீயளா?”

“ஆறு நாள் இருந்து பாத்திருக்கேன்,” என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சாவியைக் கொடுத்தார்.

குடிபோன அன்று அண்ணன் அரிசியும் ஒரு ஸ்டவ்வும் கொண்டுவந்து வைத்தான். மதினி ஒரு தூக்குவாளியில் சாம்பார் கொடுத்துவிட்டிருந்தார். அண்ணன் சுவர்களைத் தட்டிப் பார்த்தான், குழாயைத் திறந்து மூடினான்.

“முடியலேன்னா வந்துருலே,” என்றான்.

“வருதேன்.”

அவன் போன பிறகு ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சாதம் வடித்தேன். கொஞ்சம் குழைந்துவிட்டது. சாம்பாரைச் சுடவைத்து, ஒரு தட்டில் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன்.